வன்னியில் இருந்த குடும்பங்கள் ஏன் முன்பே வெளியேறவில்லை?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் வடக்கே புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் வாழ்ந்த உங்கள் பெரியம்மாவின் குடும்பம் 2009 மே மாதம், போர் முடிந்த கடைசி இடமான முள்ளிவாய்க்கால் வரை போய்த்தான் உயிரோடு வெளியே வந்தது. போர் நெருங்கி வருவது 2008-லேயே தெரிந்திருக்குமே, ஏன் அப்போதே அரசின் கட்டுப்பாட்டில் இருந்த வவுனியாவுக்கு வரவில்லை என்று அவரிடம் கேட்டிருக்கிறீர்கள். அவர் பதில் சொல்லாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். விரும்பித்தான் அங்கே நின்றார்களா, அல்லது மனிதக் கேடயம் என்கிறார்களே, அப்படிப் பிடித்து வைக்கப்பட்டிருந்தார்களா என்பது உங்கள் அடுத்த கேள்வி.

வன்னியிலிருந்து வந்தவர்கள் சொல்வதைப் பல வருடங்களாகக் கேட்டு எழுதிவைப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வெளியேற வழிகள் இருந்தன. ஆனால் அந்த வழிகளில் ஒவ்வொன்றும் வீட்டில் யாராவது ஒருவரை விட்டுவிட்டு வா என்றது. தனி ஆளாக இருந்திருந்தால் எவ்வளவோ பேர் வந்திருப்பார்கள். அம்மா, அப்பா, நடக்க முடியாத ஆச்சி, பதினேழு வயதுப் பிள்ளை, கைக்குழந்தை என்று ஒரு குடும்பமாக இருந்ததால்தான் அகப்பட்டுக்கொண்டார்கள்.

முதலாவது வழி 'பாஸ்'. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதியிலிருந்து ஓமந்தைச் சோதனைச் சாவடி வழியாக வவுனியாவுக்குப் போக அவர்களுடைய அனுமதிச் சீட்டு வேண்டும். மருத்துவம் போன்ற காரணத்துக்கு அது கிடைத்தாலும், போகிறவர் திரும்பி வருவார் என்பதற்குப் பின்னால் ஒருவர் பிணையாக நிற்க வேண்டியிருந்தது. போனவர் வராவிட்டால் பிணை நின்றவர் பதில் சொல்ல வேண்டும். முழுக் குடும்பமாகப் போவதென்பது அநேகமாக நடக்காத காரியம். இளவயதினருக்குப் பாஸ் கிடைப்பது அதைவிடக் கடினம். காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கும். வீட்டுக்கு ஒருவர் என்ற கட்டாய ஆட்சேர்ப்பு அப்போது நடந்துகொண்டிருந்தது. 2009 பிறந்தபோது அந்தக் கணக்கும் உடைந்தது. ஒரே வீட்டில் இரண்டாவது பிள்ளையையும் கொண்டுபோனார்கள். பதினான்கு வயதுப் பிள்ளைகள்வரை பிடிக்கப்பட்டதை ஐ.நா. நிபுணர் குழு பதிவு செய்திருக்கிறது. பிள்ளையைக் காப்பாற்ற அவசர அவசரமாகக் கல்யாணம் செய்துவைத்த பெற்றோர் இருந்தார்கள். பங்கருக்குள், அதாவது பதுங்குகுழிக்குள், ஒளித்துவைத்துச் சோறு கொடுத்தவர்களும் இருந்தார்கள். வலைஞர்மடம் தேவாலயத்துக்குள் அடைக்கலம் புகுந்திருந்த இளம் பிள்ளைகளைக்கூட விடவில்லை.

மகளோ மகனோ அப்படிப் பிடிக்கப்பட்டு எங்கோ ஒரு காவலரணில் இருக்கும்போது எந்தத் தாய் வவுனியாவுக்குக் கிளம்புவாள்? பிள்ளை தப்பி ஓடிவந்தால் தன்னைத் தேடி வரக்கூடிய தூரத்தில்தான் அவள் தறப்பாள் கூடாரத்தைக் கட்டுவாள். பலர் அப்படித்தான் நின்றார்கள். வெளியிலிருந்து பார்த்தவர்கள் அதை இயக்கத்தின், அதாவது புலிகளின், மீதிருந்த பற்று என்றார்கள். பற்று இருந்தவர்களும் இருந்தார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளைக்காக நின்ற தாயை அந்தக் கணக்கில் எழுதுவது அநியாயம்.

சரி, பாஸ் இல்லாமல் காட்டு வழியாக வரலாமே என்று கேட்பீர்கள். சிலர் வந்தார்கள். 2008-இல் மன்னார்ப் பக்கம் அப்படித் தப்பி வந்தவர்களை அரசு களிமோட்டை, சிறுக்கண்டல் முகாம்களில் வைத்து வெளியே விடாமல் காவல் போட்டது. அந்தச் செய்தி வன்னிக்குள் போகாமலா இருக்கும்? இளம் பிள்ளைகளோடு போனால் அங்கே விசாரணை என்று பிரித்துவிடுவார்கள் என்ற பயம் சும்மா வந்ததல்ல. இந்தப் பக்கம் பிள்ளையை இயக்கம் கேட்கிறது, அந்தப் பக்கம் போனால் இராணுவம் பிள்ளையைப் பிரிக்கும் என்றால், தகப்பன் என்ன முடிவெடுப்பான்? இன்றைக்கு ஒரு நாள் பார்ப்போம் என்பான். அந்த 'இன்றைக்கு ஒரு நாள்' சேர்ந்து சேர்ந்துதான் முள்ளிவாய்க்கால் வந்தது.

இன்னொன்றும் உண்டு. இதை வெளியாட்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஓடிப்போய்த் திரும்பி வருவது அந்தச் சனத்துக்குப் பழகியிருந்தது. 1995 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து லட்சக்கணக்கானவர்கள் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தார்கள். அவர்களில் பலர் பிறகு கிளாலிக் கடல் தாண்டி வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். 1996-இல் கிளிநொச்சி இராணுவத்திடம் போனது, 1998-இல் மறுபடி புலிகளிடம் வந்தது. சனமும் ஓடியது, திரும்பியது. அதனால் 2008-இலும் எப்படி இடம்பெயர்வது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கூரைத் தகட்டைக் கழற்று, கதவு நிலையைப் பெயர், நெல் மூட்டை, தையல் மெஷின், கோழிக்கூடு எல்லாவற்றையும் லாண்ட்மாஸ்டர் என்ற சின்ன ட்ராக்டரில் ஏற்று, பத்து மைல் தள்ளிப் போய் இரு. சண்டை ஓய்ந்ததும் வா. இதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஓய்ந்தது. இந்த முறை ஓயவில்லை.

மன்னார்ப் பக்கத்துச் சனம் 2007-லிருந்தே இப்படி நகரத் தொடங்கியது. மடு, விடத்தல்தீவு, வெள்ளாங்குளம், முழங்காவில், அக்கராயன் என்று வந்து கிளிநொச்சியில் மற்றவர்களோடு சேர்ந்தார்கள். 2008 செப்டம்பரில் அரசு ஐ.நா. அமைப்புகளையும் மற்ற உதவி நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறச் சொன்னது. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு தொடர்ந்து நின்றது. கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலக வாசலில் சனம் கூடி, போகாதீர்கள் என்று மன்றாடியது. தங்களுக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியாத சனமாக இருந்தால் அந்த வாசலில் ஏன் கூடப்போகிறது? என்னைக் கேட்டால், இந்தக் கதையில் ஒரு தேதியைத்தான் நினைவு வைத்திருக்கலாம் என்றால் நான் அந்தச் செப்டம்பரைத்தான் சொல்வேன். அதற்குப் பிறகு நடந்தவற்றைப் பார்த்துச் சொல்ல வெளிச் சாட்சி மிகக் குறைவு.

2009 ஜனவரி 2-இல் கிளிநொச்சி விழுந்தது. பரந்தன் முல்லைத்தீவு வீதி முழுக்க ட்ராக்டரும் சைக்கிளும் தலைச்சுமையும். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம். ஆஸ்பத்திரியும் சனத்தோடு இடம்பெயர்ந்தது. கிளிநொச்சி ஆஸ்பத்திரியின் கட்டில்களும் மருந்துகளும் தருமபுரத்துக்குப் போய், அங்கிருந்து விசுவமடு, பிறகு உடையார்கட்டு, பிறகு புதுமாத்தளன் என்று நகர்ந்தன. ஜனவரி 21-ஆம் தேதியளவில் அரசு சுதந்திரபுரம், உடையார்கட்டு, தேவிபுரம் பகுதிகளை உள்ளடக்கிச் சுமார் 35 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்தது. சனம் அதை நம்பி உள்ளே போனது.

அந்த நேரம் உணவு லொறிகளோடு உள்ளே வந்து திரும்ப முடியாமல் மாட்டிய ஐ.நா. பணியாளர் சிலர் அந்த வலயத்துக்குள்ளேயே பங்கர் வெட்டியிருந்தார்கள். தாங்கள் இருக்கும் இடத்தை வரைபடத்தில் காட்டும் ஆள்கூறுகளை இராணுவத்துக்குக் கொடுத்திருந்தார்கள். அப்படியும் ஜனவரி 23 இரவும் 24 காலையும் அங்கே செல், அதாவது பீரங்கிக் குண்டு, விழுந்தது. அவர்களைச் சுற்றிப் படுத்திருந்த குடும்பங்கள் செத்ததை அவர்களே பார்த்து எழுதினார்கள். இதைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாதுகாப்பு வலயம் என்பது போர்ச் சட்டத்தின்படி இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டு அமைக்க வேண்டிய ஒன்று. இங்கே ஒரு தரப்பு தனியாக வரைபடத்தில் கோடு போட்டது. மற்றத் தரப்பு அந்தக் கோட்டுக்குள்ளும் பக்கத்திலும் நின்று சுட்டது. கோடு போட்ட தரப்பே உள்ளே செல் அடித்தது. நடுவில் இருந்தது குடும்பங்கள்.

இனி உங்கள் 'மனிதக் கேடயம்' கேள்வி. புலிகள் சனத்தை வெளியேற விடாமல் தடுத்தார்கள், பெப்ரவரியிலிருந்து தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள். இது 2011-இல் வெளிவந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையில் இருக்கிறது, அதைவிட அங்கிருந்து வந்த சனத்தின் வாயில் இருக்கிறது. இதை மறைத்துப் பேசுகிறவர்கள் அந்தச் சனத்துக்கு நல்லது செய்யவில்லை. அதே சமயம், எதிராளி சனத்தைத் தடுத்து வைத்திருக்கிறான் என்பது அந்தச் சனத்தின் மேல் செல் அடிக்க அனுமதி ஆகாது. உள்நாட்டுப் போருக்கும் பொருந்தும் வழக்காற்றுச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. ஒரு தரப்பின் குற்றம் மற்றத் தரப்பின் கடமையைக் கழிக்காது. ஆகவே 'கேடயமாக வைத்திருந்தார்கள்', 'செல் அடித்தார்கள்' என்று இரண்டு வாக்கியத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்குகிற கட்டுரைகள்தான் அதிகம்.

பெப்ரவரி 12-இல் இரண்டாவது வலயம் அறிவிக்கப்பட்டது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நந்திக்கடல் என்ற களப்பு, நடுவில் புதுமாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை சுமார் 14 சதுர கிலோமீட்டர் மணல். மூன்று லட்சம் பேர் அளவில் அதற்குள் வந்து சேர்ந்தார்கள். உங்கள் பெரியம்மா பேச மறுப்பது அநேகமாக இந்த மூன்று மாதங்களைத்தான்.

உட்புறத்து மண்ணில் பங்கர் வெட்டலாம், மேலே பனங்குற்றி அடுக்கலாம். கடற்கரை மணலில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும், பக்கச் சுவர் சரியும். அதனால் மண் மூட்டை தேவைப்பட்டது. சாக்கு ஏது? சீலைகளைக் கிழித்துப் பை தைத்தார்கள். கல்யாணத்துக்கு எடுத்த கூறைச் சீலையையும் தைத்தார்கள் என்று பெண்கள் சொல்வார்கள். கிளிநொச்சியிலிருந்து இவ்வளவு தூரம் சுமந்து வந்த தையல் மெஷினுக்கு அப்படி ஒரு வேலை வந்தது. மேலே 'வண்டு' என்று சனம் பேர் வைத்த ஆளில்லா விமானம் எந்நேரமும் இரைந்துகொண்டிருக்கும். அது ஒரே இடத்தில் சுற்றினால் சமையலை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு உள்ளே இறங்க வேண்டும்.

சாப்பாட்டு விஷயம் வெறும் தட்டுப்பாடு இல்லை, கணக்கிலேயே ஒரு பிழை இருந்தது. உள்ளே 70,000 பேர் அளவில்தான் இருக்கிறார்கள் என்று கொழும்பு சொன்னது. உள்ளே இருந்த அரச அதிகாரிகளே மூன்று லட்சத்துக்கு மேல் என்று எழுதி அனுப்பினார்கள். அனுப்பப்பட்ட உணவும் மருந்தும் சின்னக் கணக்குக்குத்தான் வந்தன. மயக்க மருந்து இல்லாமல், அல்லது மிகக் கொஞ்சம் வைத்துக்கொண்டு, கை கால் வெட்ட வேண்டிய நிலையில் டாக்டர்கள் வேலை செய்தார்கள். நகையை விற்று அரிசி வாங்கினார்கள். அரிசியும் தண்ணீரும் உப்புமாக ஒரு கஞ்சி, அதுவும் வரிசையில் நின்றால்தான். இன்று மே 18-இல் ஊரூராகக் காய்ச்சிக் கொடுக்கும் முள்ளிவாய்க்கால் கஞ்சி அதுதான். ஏப்ரல் 8-இல் அம்பலவன்பொக்கணையில் குழந்தைகளுக்குப் பால்மா வாங்க நின்ற தாய்மாரின் வரிசையில் செல் விழுந்தது. வரிசையில் நிற்காமல் பங்கருக்குள் இருந்தால் குழந்தை பசியில் கிடக்கும். நின்றால் இது. அந்தக் காலத்துத் தாய்மார் ஒவ்வொரு நாளும் எடுத்த முடிவுகள் இந்த மாதிரித்தான்.

கப்பல் இருந்ததே என்று சிலர் கேட்பார்கள். ஆம், பெப்ரவரி 10-லிருந்து மே 9 வரை செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு காயக்காரரையும் நோயாளிகளையும் அவர்களோடு துணைக்கு வந்தவர்களையும் கடல் வழியாகத் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் கொண்டுபோனது. மொத்தம் சுமார் 14,000 பேர். அந்தக் கப்பல் இல்லாவிட்டால் அவர்களில் பெரும்பாலானோர் இன்று இல்லை. ஆனால் அந்த வாசலிலும் அதே நிபந்தனை இருந்தது. காயப்பட்ட பிள்ளையோடு அம்மா ஏறலாம், அப்பாவும் மற்றப் பிள்ளைகளும் கரையில் நிற்க வேண்டும். மடியில் கைக்குழந்தை உள்ள தாய் என்ன செய்வாள், நடக்க முடியாத ஆச்சியை யார் பார்ப்பது, பிரிந்தால் மறுபடி எங்கே சந்திப்பது? கடற்கரையில் அரை மணி நேரத்தில் இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கப்பலில் ஏறிய பலர் அன்று கை காட்டியவர்களை மறுபடி காணவில்லை.

ஏப்ரல் 20-இல் இராணுவம் புதுமாத்தளனில் புலிகள் போட்டிருந்த மண் அணையை உடைத்து உள்ளே வந்தபோது ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் சில நாட்களில் வெளியே வந்தார்கள். நந்திக்கடல் தண்ணீரில் கழுத்தளவு இறங்கி, பிள்ளைகளைத் தோளில் வைத்து நடந்தவர்கள் பலர். சண்டை நடந்துகொண்டிருந்த இடத்தின் குறுக்கே அவர்கள் வந்தார்கள். மண் அணையின் தெற்கே அகப்பட்ட குடும்பங்கள் இன்னும் ஒரு மாதம் முள்ளிவாய்க்காலில் இருந்தன. மே 8-இல் அறிவித்த மூன்றாவது வலயம் இரண்டு மூன்று சதுர கிலோமீட்டர்தான். மே 12-இல் முள்ளிவாய்க்காலில் கடைசியாக இயங்கிய ஆஸ்பத்திரியில் செல் விழுந்தது. அதற்குப் பிறகான நாட்களில் செத்தவர்களைப் புதைக்க நேரமில்லை. தகப்பனைப் பங்கருக்குள்ளேயே விட்டு மண்ணைத் தள்ளிவிட்டு நடந்தோம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பெரியம்மா அடுப்படிக்கு எழுந்து போனதன் பின்னால் இப்படி ஏதும் இருக்கலாம்.

மே நடுப்பகுதியில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தபோதும் குடும்பம் உடைவது முடியவில்லை. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: இயக்கத்தில் ஒரு நாள் இருந்திருந்தாலும் வந்து பதியுங்கள், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம். பதியாவிட்டால் பிறகு பிரச்சினை வரும் என்று பயந்து தாங்களே பிள்ளைகளையும் கணவன்மாரையும் கொண்டுபோய் ஒப்படைத்த குடும்பங்கள் உண்டு. கட்டாயமாகப் பிடிக்கப்பட்ட பெண் பிள்ளைகளுக்கு இயக்கம் தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்தது. தப்பி வந்த பிள்ளை அந்த முடியாலேயே இரண்டு பக்கமும் அடையாளம் காணப்படும் நிலை. பதிந்தவர்களில் பதினோராயிரத்துக்கு மேற்பட்டோர் 'புனர்வாழ்வு' முகாம்களுக்குப் போய்ப் பல மாதங்களுக்கு, சிலர் வருடங்களுக்குப் பிறகு திரும்பினார்கள். திரும்பாதவர்களும் இருக்கிறார்கள். கையால் ஒப்படைத்துவிட்டு வந்த அந்தத் தாய்மாரும் மனைவிமாரும்தான், 2017 பெப்ரவரி 20-இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் தொடங்கிய போராட்டத்தில் படங்களோடு உட்கார்ந்தார்கள். அவர்களிடம் மரணச் சான்றிதழ் எடு என்று சொன்னால் கோபப்படுவார்கள். உயிரோடு கையளித்தேன் என்பார்கள். காணாமல்போனவர் என்று மட்டும் சான்றளிக்கும் சட்டம் 2016-இல் வந்தது. காணாமல்போனோர் அலுவலகம் 2018-இல் வேலையைத் தொடங்கியது. தாங்கள் கேட்ட பதில் இன்னும் வரவில்லை என்று அந்தத் தாய்மார் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

மற்றவர்களைச் செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாமுக்கும் வவுனியாவைச் சுற்றிய மற்ற முகாம்களுக்கும் கொண்டுபோனார்கள். சுமார் 2,80,000 பேர் முள்கம்பிக்குள் இருந்தார்கள். அங்கேயும் ஒரே குடும்பம் வெவ்வேறு வலயங்களில் பிரிந்து கிடந்தது. கம்பியில் முகத்தை வைத்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தேடினார்கள். டிசம்பர் 2009 வரை வெளியே போய்வர விடவில்லை. மெனிக் பாம் முழுதாக மூடப்பட்டது 2012 செப்டம்பரில்.

எண்ணிக்கையைப் பற்றிக் கேட்காமல் விட்டீர்கள், ஆனாலும் இது சொல்ல வேண்டியது. ஐ.நா. பணியாளர்கள் உள்ளிருந்து வந்த தகவல்களைச் சரிபார்த்து 2009 மே 13 வரை 7,721 மரணங்களைக் கணக்கிட்டார்கள். 2011 நிபுணர் குழு 40,000 வரை இருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என்றது. 2012-இல் ஐ.நா. தன்னைத்தானே விசாரித்த அறிக்கை, 70,000-க்கு மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை என்று காட்டும் நம்பத்தகுந்த தகவல்கள் இருப்பதாகக் குறிப்பிட்டது. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் வேறு விதமாகக் கேட்டார். 2008 அக்டோபரில் கச்சேரி என்ற மாவட்ட அரச அலுவலகத்துப் பதிவின்படி வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். போர் முடிந்து அரச பக்கம் வந்தவர்கள் 2,82,380 பேர். மிச்சம் 1,46,679 பேர் எங்கே? இத்தனை பேரும் செத்துவிட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை, கணக்குச் சொல்லுங்கள் என்று கேட்டார். இந்த எண்கள் இவ்வளவு தள்ளித் தள்ளி நிற்பதற்கு அரசியல் ஒரு காரணம். இன்னொரு காரணம், செத்தவரைப் பற்றிச் சொல்வது வழக்கமாகக் குடும்பம்தான். ஒரே பங்கருக்குள் ஏழு பேரும் போன வீட்டைப் பற்றி எந்தப் படிவத்தை யார் நிரப்புவார்?

உங்கள் பெரியம்மாவிடம் மறுபடி பேச நினைத்தால் ஒரு யோசனை. 'ஏன் வரவில்லை' என்ற கேள்வி அவர் காதில் 'நீதானே பிள்ளைகளைச் சாகக் கொடுத்தாய்' என்று விழும். அதை விடுங்கள். 'தருமபுரத்துக்குப் பிறகு எங்கே இருந்தீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். வன்னிச் சனம் அந்த மாதங்களைத் தேதியால் நினைவு வைத்திருப்பதில்லை, ஊர்ப் பேரால்தான் வைத்திருக்கிறது. விசுவமட்டில் கிணற்றடி, சுதந்திரபுரத்தில் ஒரு மாமரம், இரணைப்பாலையில் யாரோ ஒரு வீட்டு விறாந்தை, பொக்கணையில் சீலை மூட்டை என்று ஒவ்வொன்றாக வரும். ஏதாவது ஒரு ஊரில் வந்து நிறுத்திவிடுவார். அந்த ஊருக்கு அப்பால் நீங்களாகக் கேட்காதீர்கள். தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள்.